நாக்கை வென்றவர்

போன கோடையில் என் வீட்டுக்காரர் ஒரு டம்ளர் சுரைக்காய்ச் சாற்றைக் குடித்துவிட்டுச் சாவின் வாசல் வரைக்கும் போய் வந்தார். இதைச் சொன்னால் எல்லோரும் முதலில் சிரிக்கிறார்கள். சுரைக்காயா, அதில் என்ன இருக்கிறது, வெறும் தண்ணீர்தானே என்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். சிரித்து முடித்துவிட்டுப் படிக்கட்டும்.

என் பெயர் சண்முகவடிவு. ஊர் தென்காசிப் பக்கம். கல்யாணமாகி டெல்லிக்கு வந்தவள், இப்போது துவாரகாவில் ஒரு சொசைட்டி ஃபிளாட்டில் இருக்கிறேன். அவர் பெயர் முத்துக்குமார், பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் மேலாளர். ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு. ஒரே மகள் நித்யாவுக்கு விமான நிலையத்தில் வேலை. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் படிக்கத் தெரியாது.

சர்க்கரை வந்த கையோடு அவருக்கு ஒரு குழுவும் வந்து சேர்ந்தது. கைபேசிக் குழு. பெயர் 'நாக்கை வெல்வோம்'. டெல்லி, குர்கான், பரீதாபாத் என்று இந்தப் பக்கத்துத் தமிழர்கள் பலர் அதில் உண்டு. காலையில் பல் தேய்க்கிறார்களோ இல்லையோ, சண்டையைத் தொடங்கிவிடுவார்கள். அரிசி விஷம் என்பார் ஒருவர். அரிசியை விஷம் என்பவன் தமிழனே இல்லை என்பார் இன்னொருவர். முட்டையின் மஞ்சள் கருவுக்காக இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போனார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தார்கள்.

மொத்தத்தில் அங்கே இரண்டு கட்சி. ஒன்று நெய், முட்டை, கறி என்று மாவுச்சத்தையே ஒதுக்கிய நெய்க்கட்சி. மற்றது காலையில் வெறும் வயிற்றில் பச்சைக் காய்ச்சாறு குடிக்கும் சாறுக்கட்சி. சாறுக்கட்சிக்கு என் வீட்டுக்காரர்தான் தலைவர். 'நாக்கு கேட்பதைக் கொடுக்காதே, நாக்கு வேண்டாம் என்பதைக் கொடு' என்று ஒரு வாக்கியம் எழுதிப் போட்டார். அதற்கு விழுந்த கைதட்டல் படங்களை எனக்கு விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார். வீட்டில் நான் வைக்கும் குழம்புக்கு அந்த மனுஷர் ஒரு நாள் கைதட்டியது கிடையாது.

நெய்க்கட்சிக்குத் தலைவர் தேவராஜ். லோதி ரோட்டில் அரசுக் குடியிருப்பில் இருக்கும் அதிகாரி. இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. ஆனால் எங்கள் சாப்பாட்டு மேசையில் தேவராஜ் பெயர் அடிபடாத இரவு இல்லை.

அன்று இரவு நானும் நித்யாவும் தோசை தின்றுகொண்டிருந்தோம். அவர் வெள்ளரிக்காய் மென்றுகொண்டு கைபேசியைப் பார்த்தார். பார்த்தவர் முகம் சிவந்துபோனது.

"கேளு வடிவு, என்ன எழுதியிருக்கான்னு. 'முத்துக்குமார் சார் எலுமிச்சை, புதினா, இந்துப்பு எல்லாம் போட்டு சர்பத் குடிக்கிறார். நாக்கை வென்றவராக இருந்தால் ஒன்றும் சேர்க்காமல் குடித்துக் காட்டட்டும்.' எப்படி இருக்கு?"

"சரியாத்தான எழுதியிருக்காரு," என்றேன். என் வாய் சும்மா இருக்காது. அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். நாளைக் காலை குடித்துவிட்டுச் சொல்கிறேன் என்று குழுவில் பதில் போட்டதை நித்யாதான் எட்டிப் பார்த்துச் சொன்னாள். படிக்கத் தெரியாவிட்டாலும், அவர் போட்ட சூரியன் படமும் டம்ளர் படமும் அவளுக்குப் புரிந்தன.

காலையில் நான் சொசைட்டி பூங்காவில் நடந்துகொண்டிருந்தேன். சாறு அடிப்பது அவருடைய இலாகா. காயும் அவரே வாராந்திரச் சந்தையில் வாங்கி வந்தது. நித்யாவிடமிருந்து போன். "அம்மா, ஜல்தி வா. அப்பா பாத்ரூம்ல விழுந்துட்டாங்க."

ஓடிப் போனேன். குளியலறைத் தரையில் சுவரில் சாய்ந்து கிடந்தார். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. வாந்தி எடுத்து ஓய்ந்த முகம். கையைத் தொட்டால் ஐஸ். மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நெஞ்ச அடைக்கு," என்றார். வாயையும் மீசையையும் என் கையாலேயே துடைத்தேன். பக்கத்து வீட்டு சர்மாஜி காரை எடுத்தார். இவரைப் பின் சீட்டில் என் மடியில் சாய்த்துக்கொண்டேன். கையைக் கழுவ வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டரம்மா. நம் நித்யாவைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். ரத்த அழுத்தம் பார்த்ததும் அவர் குரல் மாறிவிட்டது. மிகவும் இறங்கியிருந்தது. பனியனைக் கழற்றி, நெஞ்சில் வயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டரம்மா குனிந்து இந்தியில் கேட்டார்: "அங்கிள், சுபஹ் சே க்யா காயா?" காலையிலிருந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று.

"குச் நஹீ காயா," என்றார் இவர். ஒன்றும் சாப்பிடவில்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். தமிழில் கேட்டிருந்தால் அவருக்கு இந்த ஓட்டை கிடைத்திருக்காது. நாம் காப்பியைக்கூடச் சாப்பிடுகிறோம். இந்தியில் சாப்பிடுவது வேறு, குடிப்பது வேறு. சாகக் கிடந்த நேரத்திலும் அந்த ஓட்டை வழியாக நுழைந்து தப்பித்தார் என் வீட்டுக்காரர்.

எனக்குச் சின்னச் சந்தேகம் இருந்தது. குனிந்து காதருகே, "சாறு குடிச்சியளா?" என்றேன்.

"அதான் டாக்டர்ட்ட சொல்லியாச்சுல்லா," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

விட்டுவிட்டேன். ஒரு வருஷமாகத் தினமும் குடிக்கிற சாறு, ஒரு நாளும் ஒன்றும் செய்ததில்லை. அதுவும் அந்த நேரத்தில் வாதாட யாருக்கு மனசு வரும்?

டாக்டரம்மா எங்களை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினார். சர்க்கரைக்காரர், வியர்வை, மேல்வயிற்று வலி, அழுத்தம் இறங்கியிருக்கிறது, ஈ.சி.ஜி.யிலும் லேசான மாற்றம். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பாக இருக்கலாம். சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பு இப்படி வயிற்று வலியாகவும் வரும். இதயத் தசை நொந்திருந்தால் ரத்தத்தில் தெரியும், அதற்குச் சோதனை அனுப்பியிருக்கிறோம். ஆனால் அது வரும்வரை காத்திருக்க முடியாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்து, குழாய்க்குள் கம்பி விட்டுப் பார்க்க வேண்டும். கையெழுத்துப் போடுங்கள்.

வெளியே இரும்பு நாற்காலியில் என்னை உட்கார வைத்து ஒரு கற்றைத் தாளைக் கையில் கொடுத்தார்கள். எல்லாம் ஆங்கிலம். நித்யா மருத்துவ அட்டையை எடுத்துக்கொண்டு பணம் கட்டும் இடத்துக்கு ஓடியிருந்தாள். எனக்கு எழுத்தெல்லாம் மங்கித் தெரிந்தது. கடைசித் தாளில் கையெழுத்து என்றார்கள். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. விரலை நாக்கில் தொட்டுப் புரட்டினேன்.

கசந்தது.

சாதாரணக் கசப்பா அது? பாகற்காய், வேப்பிலை எல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது, தொண்டை அடைத்தது. மறுபடியும் விரலை மூக்கருகே கொண்டுபோனேன். வாசனையில் ஒன்றும் தெரியவில்லை. அவர் மீசையைத் துடைத்த கை. எங்கள் பக்கத்தில் வேலியோரம் காட்டுத்தனமாகப் படர்ந்து ஒரு காய் காய்க்கும். பார்க்கச் சுரைக்காய் மாதிரியே இருக்கும், மாடுகூட வாய் வைக்காது. பேய்ச்சுரை என்போம். சின்ன வயதில் ஒருமுறை தெரியாமல் நக்கிப் பார்த்து அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். அந்தக் கசப்பை நாக்கு மறக்கவில்லை.

தாள்கள் எங்கே விழுந்தன என்று தெரியாது. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். நர்ஸ் ஒரு கையில் மாத்திரைக் கிண்ணத்தையும் மறு கையில் தண்ணீரையும் வைத்துக்கொண்டு அவர் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"மத் தீஜியே," என்று அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். கொடுக்காதீர்கள்.

டாக்டரம்மா திரும்பினார். கோபம்தான். ஆன்ட்டி, வெளியே இருங்கள், ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம் என்றார். பேய்ச்சுரைக்கு இந்தியில் என்ன என்று எனக்கு வரவில்லை. "லௌக்கி," என்றேன். "கட்வி லௌக்கி. ஜூஸ்." கசப்புச் சுரைக்காய். என் விரலை அவர் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றேன்.

இந்தச் சாறு குடித்து வருபவர்களை முன்பே பார்த்திருக்கும் டெல்லி டாக்டர்களுக்கு அந்த வார்த்தை போதும் போலிருக்கிறது. அவர் கை அப்படியே நின்றது. இவர் முகத்தருகே குனிந்து, இந்த முறை வேறு மாதிரி கேட்டார். "அங்கிள், லௌக்கி கா ஜூஸ் பியா?" குடித்தீர்களா?

இவர் கண்ணை மூடியபடியே கிடந்தார். மானிட்டர் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது. அடிக்கக் கை ஓங்கியிருப்பேன், அவ்வளவு பயம்.

"ஏங்க," என்றேன். "தேவராஜ் இங்க இல்ல. நான் மட்டுந்தான் இருக்கேன். சொல்லுங்க."

தலை லேசாக அசைந்தது. ஆமாம்.

டாக்டரம்மா மாத்திரைக் கிண்ணத்தை நர்ஸ் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தார். உறையாமலிருக்கும் மருந்து எதுவும் வேண்டாம், வயிற்று டாக்டரைக் கூப்பிடு என்று சொல்லி முடிக்கவில்லை, இவர் ஒருக்களித்து வாந்தி எடுத்தார். வெள்ளை விரிப்பு முழுக்க ரத்தம். அந்த மாத்திரைகள் உள்ளே போயிருந்தால் அந்த ரத்தம் நின்றிருக்காது என்று பிறகு விளக்கினார்கள். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. என்னைத் தள்ளி வெளியே விட்டார்கள்.

பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவு. அங்கே எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். சுரை, வெள்ளரி, பீர்க்கு இந்தக் குடும்பத்துச் செடிகள் பூச்சியிடமிருந்து தப்பிக்கத் தமக்குள்ளேயே ஒரு கசப்பை வைத்திருக்கின்றன. நாம் சமைக்கும் காயில் அது இருப்பதே தெரியாது. ஏதோ ஒரு காயில் மட்டும் அளவு மீறிவிடும். அந்தக் கசப்பு உள்ளே போனால் இரைப்பையின் தோல் புண்ணாகி ரத்தம் கசியும், அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கும், கல்லீரலையும் தொட்டுப் பார்க்கும். அதற்கு முறிவு மருந்து கிடையாது. உடம்பு தானாக வெளியே தள்ளும்வரை நரம்பு வழியாகத் தண்ணீரும், அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்தும், ரத்தமும் கொடுத்து ஆளைக் காப்பாற்றி வைக்க வேண்டும். தொண்டை வழியாகக் கேமரா விட்டு எடுத்த படத்தைக் காட்டினார்கள். நெருப்பில் வாட்டிய கத்திரிக்காய்த் தோல் மாதிரி இருந்தது அவர் இரைப்பை.

"பிழைத்துவிடுவாரா?" என்று கேட்டேன்.

"நாளை வரை பார்ப்போம், ஆன்ட்டி," என்றார் டாக்டரம்மா.

காத்திருக்கும் அறையில் அவர் கைபேசி என் பையில் துடித்துக்கொண்டே இருந்தது. நித்யா எடுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, தமிழ்ல என்னமோ இருக்கு. படி," என்று நீட்டினாள். தேவராஜ்தான். 'என்ன சார், சத்தத்தையே காணோம்? இனித்ததா?' கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக. சாறுக்கட்சிக்காரர்கள் பதிலுக்கு, 'தலைவர் தியானத்தில் இருக்கிறார்' என்று எழுதியிருந்தார்கள்.

முத்துக்குமாரின் மனைவி பேசுகிறேன் என்று ஆரம்பித்து, நடந்ததைக் குரல் பதிவாகப் போட்டேன். காய் கசந்தால் யாரும் குடிக்காதீர்கள் என்றும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் ரத்தத்துக்குப் பதில் ரத்தம் கேட்கிறார்கள், கொடுக்க முடிந்தவர்கள் வாருங்கள் என்றும் கேட்டேன்.

நான் எதிர்பார்த்தது வேறு, வந்தது வேறு. 'வருத்தமாக இருக்கிறது மேடம். ஆனால் சுரைக்காயால் இப்படி ஆகாது.' 'டாக்டர்கள் எப்போதும் இயற்கை உணவின் மேல்தான் பழி போடுவார்கள்.' 'இது உடம்பிலிருந்து கழிவு வெளியேறும் அறிகுறி.' 'சார் குணமாகி வந்து அவர் வாயால் சொல்லட்டும்.' ரத்த வாந்தியைக் கழிவு என்கிறவர்களிடம் நான் என்ன பேசுவது? கைபேசியை அணைத்துப் பையில் போட்டேன்.

சாயங்காலம் ஒருவர் வந்து என் எதிரே நின்றார். ஒல்லியான மனிதர், அலுவலக அட்டை கழுத்தில் தொங்குகிறது. நெய்க்கட்சித் தலைவர் மலை மாதிரி இருப்பார் என்று நான் நினைத்து வைத்திருந்தேன்.

"தேவராஜ், மேடம். ரத்தம் குடுத்துட்டு வரேன்." முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான்தான் மேடம் குடிக்கச் சொன்னேன்," என்றார்.

"கசந்தாலும் குடின்னு நீங்க சொல்லலையே."

"எலுமிச்சை, உப்பு இல்லாம குடின்னேன். விளையாட்டாத்தான் எழுதினேன். அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா..." அந்த மனிதர்மீது எனக்குக் கோபம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் கேன்டீனிலிருந்து நித்யா வாங்கி வந்த டீயில் பாதியை அவருக்கு ஊற்றிக் கொடுத்தேன். சர்க்கரை போட்ட டீ. மறுபேச்சில்லாமல் குடித்தார்.

மறுநாள் அழுத்தம் மருந்தில்லாமல் நிற்க ஆரம்பித்தது. அதற்கு மறுநாள் வார்டுக்கு மாற்றினார்கள். நித்யா அவர் நகங்களை வெட்டிவிட்டாள், தலையை வாரிவிட்டாள். சர்மாஜி வீட்டிலிருந்து எனக்குச் சப்பாத்தி வந்துகொண்டே இருந்தது. இவருக்குக் கஞ்சித் தண்ணீர் மட்டும். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "குரூப்புல சொல்லிட்டியா?"

"சொன்னேன். யாரும் நம்பல. உங்க வாயால சொல்லணுமாம்."

"இப்ப வேண்டாம் வடிவு. தேவராஜ் சிரிப்பான். காயில பூச்சிமருந்து இருந்துருக்கும்னு எழுதிரலாம்."

"தேவராஜ் இங்க வந்து ரத்தம் குடுத்துட்டுப் போனாரு."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு ஆத்திரம் பொங்கி வந்தது. சாவிலிருந்து மீண்ட மனுஷரைத் திட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கைபேசியைத் திறந்தேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். பரீதாபாத்திலிருந்து ஓர் அம்மா, சற்று முன்தான் எழுதியிருந்தார். இவருக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தேன்.

'முத்துக்குமார் சார் நலமா? இன்று என் சாறு கொஞ்சம் கசக்கிறது. ஒரு மடக்குதான் குடித்தேன். நாக்கு வேண்டாம் என்பதைக் கொடு என்று நீங்கள் எழுதியதை நினைத்துக்கொண்டேன். மீதியையும் குடித்துவிடலாமா?'

அவர் திரும்பினார். ஊசி குத்திய கையை நீட்டினார். நான் கைபேசியைக் கொடுத்தேன். எழுத விரல் நிற்கவில்லை. குரல் பதிவை அழுத்திப் பிடிக்கவும் முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டேன்.

"முத்துக்குமார் பேசுதேன்," என்றார். கேமரா போய் வந்த தொண்டை, கரகரத்தது. "அம்மா, குடிக்காதீங்க. கீழ கொட்டுங்க. எனக்கும் கசந்துது. மொத மடக்குலயே கசந்துது. துப்பு துப்புன்னு நாக்கு சொல்லிச்சு. நாந்தான் கேக்கல. டாக்டர்ட்டயும் சொல்லல. நான் எழுதினது தப்பு. கசந்தா துப்பிருங்க. எல்லாருந்தான்."

அனுப்பினேன். குழுவில் யாரும் ஒன்றும் எழுதவில்லை. கைதட்டல் இல்லை, சிரிப்பு இல்லை. இரண்டு பேரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மா குடித்துவிட்டாரா, டம்ளர் இன்னும் கையில்தான் இருக்கிறதா, தெரியவில்லை. கடைசியில் வந்தது: 'கொட்டிவிட்டேன் சார்.' அதன் கீழே தேவராஜ், 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருந்தார். என் வீட்டுக்காரர் வாய்விட்டு அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்ச நாள் குழைந்த சோறும் மோரும்தான். பிறகு ஒருநாள் வெள்ளரிக்காய் போட்டுப் பச்சடி செய்யலாம் என்று நறுக்க உட்கார்ந்தேன். அவர் மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்து நின்றார். நான் காம்புப் பக்கம் ஒரு துண்டு சீவி நாக்கில் வைத்தேன்.

"என்ன செய்யுத?"

"கசக்கான்னு பாக்கேன்."

"இப்பத்தான் பாக்கியா, எப்பவுமா?"

"எப்பவுந்தான். சுரைக்காய், பீர்க்கங்காய், எது நறுக்கினாலும். எங்க அம்மையும் பாப்பா. ஊர்ல எல்லாரும் பாப்பாவ."

இத்தனை வருஷம் அவர் தட்டுக்கு வந்த ஒவ்வொரு காயும் என் நாக்கைத் தாண்டித்தான் வந்தது என்பது அவருக்குத் தெரியாது. நானும் அதை ஒரு விஷயமாகச் சொன்னதில்லை. அவரே அடித்து அவர் டம்ளருக்குப் போனவை மட்டும்தான் தாண்டாமல் போயின.

"அந்தப் பக்கம் ஒரு துண்டு குடு," என்றார்.

சீவிக் கொடுத்தேன். வாங்கி நாக்கில் வைத்துக்கொண்டார். மெல்லவில்லை. கண்ணை மூடி, ஏதோ சத்தம் கேட்கிறதா என்று கவனிப்பவர் மாதிரி நின்றார். அப்புறம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"முழுங்கலாமா?" என்று கேட்டார்.